மூச்சு மலையில், காது சேலத்தில்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கும், நாள்பட்ட மூச்சுக் கோளாறுள்ள என் பெரியம்மாவுக்கு, செவ்வாயும் வெள்ளியும் காலை பத்தரை மணிக்குச் சேலத்திலிருந்து ஒரு சிஸ்டர் வீடியோவில் கூப்பிடுவார். போனை நிறுத்தி வைக்க ஸ்டாண்டெல்லாம் கிடையாது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தால் பாதி முகமும் மீதி சுவரும் தெரியும். மூன்றாவது அழைப்பு என்று நினைக்கிறேன், அன்று நானும் அங்கே இருந்தேன். "மருந்து இழுக்கறத ஒருக்கா காட்டுங்கம்மா" என்றார் சிஸ்டர். பெரியம்மா, பொடி மருந்தை மூச்சோடு இழுக்கும் கருவியான ரோட்டாஹேலரில் கேப்ஸ்யூலைச் செருகி, திருகி, வாயில் வைத்து, சூடான காபியை உறிஞ்சுவது போல மெல்ல இழுத்தார். "இப்ப அதைத் திறந்து கேமராகிட்ட காட்டுங்க." காட்டினோம். பொடியில் பாதிக்கு மேல் உள்ளேயே கிடந்தது.

பெரியம்மா அதற்கு முன் வைத்திருந்தது பம்ப். பம்பை அழுத்திக்கொண்டே மெதுவாக இழுக்க வேண்டும். பொடி மருந்தையோ வேகமாக, ஆழமாக, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். கருவி மாறியது, இழுக்கும் பழக்கம் மாறவில்லை. எட்டு மாதம் இப்படியே ஓடியிருக்கிறது. அதற்குள் மூன்று முறை கீழே கூட்டிப் போனோம். மூன்று முறையும் மருந்தின் அளவுதான் கூடியது. "இழுத்துக் காட்டுங்க" என்று யாரும் கேட்கவில்லை. வெளிநோயாளிகள் பிரிவில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை மாதிரி இருந்தால் விழுங்கத்தானே தோன்றும்?

தொலைவிலிருந்து செவிலியர் உதவி என்றதும் கையில் மாட்டிய கருவி, தானாக ஆஸ்பத்திரிக்குப் போகும் எண்கள், திரையில் ஓடும் கோடு என்றெல்லாம்தான் நமக்குக் கண்ணில் வருகிறது. அதுவும் உண்டு. ஆனால் வேலை பெரும்பாலும் நடப்பது சர்க்கரை டப்பாவில் சாய்த்த போனில்தான்.

நாள்பட்ட மூச்சுக் கோளாறு என்பது பல நோய்களுக்குப் பொதுப்பெயர். ஆஸ்துமா ஒன்று. மூச்சுக்குழல்கள் சுருங்கி, நுரையீரல் தளர்ந்துபோகும் சி.ஓ.பி.டி. இன்னொன்று. காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் தங்கிவிடும் வடுவால் வாழ்நாள் முழுக்க மூச்சு வாங்குபவர்கள் தனி. 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்குப்படி, 1990-ல் இந்தியாவில் 2.81 கோடிப் பேருக்கு இருந்த சி.ஓ.பி.டி. 2016-ல் 5.53 கோடிப் பேருக்கு ஆகியிருந்தது. ஆஸ்துமா இன்னொரு 3.79 கோடிப் பேருக்கு.

சி.ஓ.பி.டி. சீராக இறங்குகிற நோய் இல்லை, படிப்படியாக இறங்குகிறது. பல மாதம் ஒரே மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு சளி, ஒரு மழை, ஒரு கல்யாண வீட்டுப் புகை, அதோடு ஒரு படி இறங்கிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்த்து எழுப்பினாலும் பழைய படிக்கு முழுசாக ஏறுவது அரிது. அந்த இறக்கம் பெரும்பாலும் ஒரே ராத்திரியில் வருவதில்லை. இரண்டு மூன்று நாள் முன்னாலேயே மூச்சு வாங்குவது கூடும், சளி அதிகமாகும், சளியின் நிறம் மாறும். மருத்துவர்கள் 1987 முதல் பார்த்துவரும் மூன்று அடையாளங்கள் இவைதான். அந்த இரண்டு மூன்று நாள் இடைவெளிக்குள் யாராவது கவனித்தால் வீட்டிலேயே சமாளிக்கலாம், தவறினால் 108. தொலைநிலைச் செவிலியருக்கு இருக்கும் இடம் அந்த இடைவெளிதான்.

சேலம் மாவட்டத்தில் மூச்சு கெடக் காரணம் தேட வேண்டியதில்லை. இளம்பிள்ளைத் தறிகளின் பஞ்சுத் தூசு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளின் ஆசிட் ஆவி, மாக்னசைட் சுரங்கத் தூசு என்று தொழிலோடு வருபவை ஒரு பக்கம்; பீடி எல்லாத் தொழிலுக்கும் பொது. மலையில் கதை வேறு. என் பெரியம்மா பீடியைத் தொட்டதில்லை, தறி பார்த்ததில்லை. நாற்பது வருடம் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்தவர். சிஸ்டர் முதல் நாளே கேட்டார், "சமையல் கேஸ்லதானேங்க?" ஆமாம், ஆறு வருடமாகக் கேஸ்தான். அதோடு விட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் டிக் அடித்துப் போயிருக்கலாம். "வெந்நீர் எதுல காயுது?" என்று அடுத்ததாகக் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஏற்காட்டுக் குளிரில் தினமும் காலை ஒரு அண்டா வெந்நீர் வேண்டும். அதற்குச் சிலிண்டரை எரிக்க யாருக்கும் மனசு வராது. காபித் தோட்டத்தில் கவாத்து வெட்டிய குச்சி சும்மா கிடைக்கிறது. பின்கட்டில் அடுப்பு, அதற்கு நேர் எதிரே பெரியம்மாவின் கட்டில். இப்போது கட்டில் முன்னறைக்கு வந்துவிட்டது, அடுப்பு அங்கேயேதான் எரிகிறது. கிடைத்தவரை லாபம்.

சரி, போனில் மூச்சை எப்படி அளப்பது? மேலோட்டமாகப் பார்த்தால் எளிது போலத் தோன்றும். கொரோனா காலத்தில், ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று போனில் சோதிக்கும் முறை பரவியது. அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது, போதிய ஆதாரம் இல்லை என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020-லேயே எச்சரித்தார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், மொழிக்கு மொழி மாறும். 'முப்பத்தெட்டு' என்று சொல்ல ஆகும் மூச்சும் 'தர்ட்டி எய்ட்' என்று சொல்ல ஆகும் மூச்சும் ஒன்றில்லையே.

அதைவிட உதவுவது பேச்சு. தமிழில் மூச்சுக்கு எத்தனை வார்த்தை இருக்கிறது என்று இந்த அழைப்புகளைக் கேட்ட பிறகுதான் கவனித்தேன். 'மூச்சு வாங்குது' என்றால் பெரும்பாலும் நடந்தால் வருவது. 'இழுக்குது' என்றால் நெஞ்சில் விசில் சத்தம், ஆஸ்துமாக்காரர்கள் அதிகம் சொல்வது. 'அடைக்குது' என்பது சளியாகவும் இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம்; அடுத்த கேள்வி கட்டாயம் வேண்டும். 'முட்டுது' என்றால் உட்கார்ந்த இடத்திலேயே கஷ்டம். 'ஆஞ்சு ஆஞ்சு வருது' என்று ஒரு தாத்தா சொன்னதாகச் சிஸ்டர் சொன்னார். அதற்கு என்ன பொருள் என்று அவருக்கும் தெரியவில்லையாம், அடுத்த வண்டியில் அனுப்பச் சொல்லிவிட்டாராம். மருந்தைப் புகைபோல ஆக்கி இழுக்க வைக்கும் நெபுலைசர் வைப்பதை 'கேஸ் வெச்சாங்க' என்பார்கள். புதிதாக வந்த செவிலியர் அதை வயிற்று வாயு என்று எடுத்துக்கொண்டால் பேச்சு எங்கேயோ போய்விடும். அயலூரில் எழுதிய கேள்வித்தாளை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு படித்தால் இதில் எதுவும் பிடிபடாது.

மூச்சுத்திணறலுக்கு மருத்துவர்கள் பூஜ்யம் முதல் நான்கு வரை ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். சமதளத்தில் 100 மீட்டர் நடந்ததும் நின்றுவிடுபவருக்கு மூன்று. நாகலூரில் 100 மீட்டர் சமதளத்துக்கு எங்கே போக? "பால் வாங்கப் போறப்ப எத்தனை இடத்துல நிக்கறீங்க?" என்றுதான் சிஸ்டர் கேட்பார். பெரியம்மாவுக்கு வழக்கமாக இரண்டு இடம்: பலா மரத்தடி, கோயில் திண்ணை. ஒரு வெள்ளிக்கிழமை நாலு இடம் என்றார். எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன, காய்ச்சல் இல்லை. ஆனால் இரண்டு நாலாகியிருந்தது. அன்று மாலையே டாக்டரிடம் பேசி, முன்பே எழுதிக் கொடுத்து வீட்டில் வைத்திருந்த ஐந்து நாள் மாத்திரையைத் தொடங்கச் சொன்னார்கள். கீழே இறங்க வேண்டியிருக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இரண்டு. நாலு என்று மட்டும் கேட்ட ஒரு புது ஆளுக்கு அது வெறும் தகவல். வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அது அபாய அறிகுறி. தொலைவிலிருந்து பார்க்கும் செவிலியருக்குக் கையால் தொட வழியில்லை, ஸ்டெத் வைக்க வழியில்லை. அவர் கையில் இருக்கும் ஒரே கருவி இந்த மனிதரின் சாதாரண நாளைப் பற்றிய ஞாபகம் என்பதுதான் என் எண்ணம்.

விரலில் மாட்டி, ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டும் ஆக்ஸிமீட்டருக்கும் இதேதான். அதன் அடிப்படையை 1970-களில் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி. கொரோனா அதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்த 2020-லேயே காலமானார். அது காட்டும் எண்ணுக்கு இடம் தெரியாது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் உள்ளவருக்கு அதனால் ஓரிரு புள்ளிதான் இறங்கும், தெரியக்கூடத் தெரியாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்பவருக்கு அதைவிட அதிகம் இறங்கும். அதனால் கீழே ஆஸ்பத்திரியில் 92 என்று எழுதி அனுப்பியவர், 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்கு வந்ததும் 88 காட்டினால் அது திடீர் ஆபத்தாக இல்லாமலும் இருக்கலாம், மலையாக இருக்கலாம். ஆனால் அதை வீட்டில் யாரும் ஊகித்துக்கொள்ளக் கூடாது. ஊருக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே, நன்றாக இருக்கும் நாட்களில் இவருக்கு இங்கே என்ன காட்டுகிறது என்று குறித்து வைத்திருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

மார்கழியில் விரல் ஜில்லிட்டிருந்தாலும் எண் தப்பாகும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, ஒரு நிமிடம் விட்டுப் படிக்க வேண்டும். நகப்பூச்சும் கறுத்த மருதாணியும் ஒளியைக் குழப்பலாம். தோல் கருமையாக இருந்தால் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் குறை இந்தக் கருவியில் உண்டு என்பது 2020-ல் அமெரிக்க ஆய்வொன்றில் பெரிதாகப் பேசப்பட்டது. நம் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை. மனிதர் முட்டி முட்டி மூச்சு விடும்போது மெஷின் 94 காட்டினால் மனிதரைத்தான் நம்ப வேண்டும்.

வீட்டு ஆக்ஸிஜன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு நடக்கும் இடம் இதுதான். ஓய்வாக இருக்கும்போதே ஆக்ஸிஜன் 88-க்கோ அதற்குக் கீழோ தொடர்ந்து இருப்பவர்களுக்கு, ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகு, தினமும் குறைந்தது 15 மணி நேரம் கொடுப்பார்கள். இது ஆயுளைக் கூட்டும் என்று 1980, 1981-ல் வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டின. ஆனால் சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு 100-ஐத் தொட வேண்டும் என்று ஏற்றக் கூடாது. பொதுவாக 88-க்கும் 92-க்கும் இடையில் நிறுத்தச் சொல்வார்கள். அதிகமாகக் கொடுத்தால் சிலருக்கு உடம்பில் கரியமில வாயு தேங்கி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

இப்போது ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு முட்டுகிறது, மகன் எழுந்து, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சன்ட்ரேட்டரின் குமிழை இரண்டிலிருந்து ஐந்துக்குத் திருப்புகிறார். பாசத்தில் செய்வது. எண் 98-க்குப் போகிறது, அப்பா அமைதியாகத் தூங்குகிறார், வீடே நிம்மதியாகிறது. காலையில் எழுப்பினால் தலைவலி என்கிறார், பேச்சு குழறுகிறது, மறுபடி தூங்கி விழுகிறார். அந்தத் தூக்கம் தூக்கமே இல்லை. செவிலியர் காலையில் கூப்பிடும்போது "நல்லாத் தூங்கினாரா?" என்று கேட்டு "ஆமாங்க, நல்ல தூக்கம்" என்ற பதிலோடு நின்றுவிட்டால் ஒரு உயிரே போகலாம். "எழுந்ததும் தலை வலிச்சுதாங்க? குமிழ் எதுல இருக்குது, கொஞ்சம் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்பவர் வேண்டும். எங்கள் வீட்டுக்கு இன்னும் ஆக்ஸிஜன் வரவில்லை. ஆனால் குமிழ் விஷயத்தை எங்களுக்குச் சிஸ்டர் இப்போதே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

கரண்டும் ஒரு கணக்கு. சாதாரண ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். 15 மணி நேரத்துக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு 300-ஐத் தாண்டும். நமக்கு இலவசமாகக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். பில்லைப் பார்த்துப் பயந்து ராத்திரி மட்டும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைக் கேட்டால் ஒழியச் சொல்லவும் மாட்டார்கள். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பி டைப் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று கைவசம் இருந்தால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வேகத்தில் சுமார் 12 மணி நேரம் தாங்கும். அப்புறம் நெருப்பு: ஆக்ஸிஜன் ஓடும் அறையில் பீடி, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் கூடாது. விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்வது மருந்தை மாற்றச் சொல்வதைவிடக் கடினம், கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கனடாவின் கியூபெக்கில் 191 பேரை வைத்து நடந்த ஆய்வு 2003-ல் வந்தது. வீட்டுக்கு வந்து ஏழெட்டு வாரம் கற்றுக்கொடுத்து, பிறகு மாதா மாதம் போனில் தொடர்ந்தார்கள். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. பத்து வருடம் கழித்து ஸ்காட்லாந்தில் 256 பேருக்குத் தொடுதிரையும் ஆக்ஸிமீட்டரும் கொடுத்துத் தினமும் எண்களை அனுப்ப வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேரும் நாள் தள்ளிப்போகவே இல்லை. அதில் ஒரு நுட்பம் உண்டு: கருவி இல்லாத தரப்புக்கும் அதே மருத்துவக் குழு, அதே கவனிப்பு. ஆக, நல்ல கவனிப்பின் மேல் வெறும் கருவியை ஏற்றினால் கூடுதலாக ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது ஆய்வு சங்கடமானது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் பாடம், எழுதிய திட்டம், போனில் வழிகாட்டல் எல்லாம் கொடுத்துத் தொடங்கிய ஆய்வை 426 பேரோடு பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. உதவி பெற்ற தரப்பில் 28 பேர் இறந்திருந்தார்கள், வழக்கமான சிகிச்சைத் தரப்பில் 10 பேர். ஆய்வு 2012-ல் வெளியானது; அந்த வித்தியாசத்துக்குத் தெளிவான காரணம் கிடைக்கவில்லை. வீட்டிலேயே சமாளிக்கலாம் என்ற நம்பிக்கை சிலரை ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக அனுப்பியிருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதனால், உதடு நீலமானால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், குழம்பிப் பேசினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால் சிஸ்டருக்குப் போன் போடக் கூடாது, 108-க்குத்தான் போட வேண்டும். மலையில் அது இன்னும் சீக்கிரமாக நடக்க வேண்டும். சேலத்துக்கு 30 கிலோமீட்டர் என்று காகிதத்தில் இருக்கிறது; மூச்சு முட்டுபவரோடு அத்தனை வளைவு இறங்கியவர்களுக்கு அதன் நீளம் வேறு.

இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தால், சேலம் இதில் புதுசு இல்லை. மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலைமருத்துவத்தை அதிகம் பயன்படுத்திய மாவட்டங்களின் பட்டியல் 2021 தொடக்கத்தில் வெளியானபோது, ஒரு லட்சத்துக்கும் மேலான ஆலோசனைகளோடு நாட்டிலேயே முதலில் இருந்தது சேலம் மாவட்டம். ஆனால் அது டாக்டரிடம் ஒருமுறை பேசும் ஏற்பாடு. இன்று ஒருவர், அடுத்த முறை வேறொருவர். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுவாசலுக்கே வருகிறது. தன்னார்வலர், பிசியோதெரபிஸ்ட், வலி நிவாரணச் சிகிச்சைச் செவிலியர் எல்லாம் உண்டு. அதன் முதுகெலும்பு ரத்த அழுத்தமும் சர்க்கரையும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரின் கையில் ஒரு ஆக்ஸிமீட்டரையும், காதில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுச் செவிலியர் ஒருவரின் குரலையும் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது என்று தோன்றுகிறது. கை இங்கே, காது அங்கே. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது, ஓரளவுக்கு. 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலில் செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நிற்கலாம். தானாக மருந்து எழுத முடியாது. எனவே டாக்டர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் திட்டம் இல்லாமல் செவிலியர் போனில் செய்யக்கூடியது குறைவு. எங்களுக்கு அந்த ஐந்து நாள் மாத்திரை வீட்டில் இருந்ததால்தான் அந்த வெள்ளிக்கிழமை தப்பித்தோம்.

சிக்னல் பற்றி அதிகம் புலம்பப் போவதில்லை. வீடியோ வராவிட்டால் சாதாரண அழைப்பே போதும். உண்மையான தடை போன் யாருடையது என்பது. கார்த்திகையிலிருந்து தை வரை காபிப் பழம் பறிக்கும் காலம். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் தம்பி சட்டைப்பையில் தோட்டத்துக்குப் போய்விடும். குளிரும் பனிமூட்டமுமாகப் பெரியம்மாவுக்கு மூச்சு மோசமாவதும் அதே மாதங்களில்தான். இரண்டு அழைப்பு தவறிய பிறகு ஒரு பட்டன் போன் வாங்கிக் கட்டில் காலில் கயிற்றால் கட்டி வைத்தோம்.

போன மார்கழியில் அந்தச் சிஸ்டரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவர் வேலை பார்த்த தனியார் மருத்துவமனை எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை புதுக் குரல் வந்தது, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டது: பேர், வயசு, புகைப்பழக்கம் உண்டா?

பெரியம்மா தினமும் தன் எண்ணைத் தினசரி காலண்டர் தாளில் எழுதுவார். முன்பு மறுநாள் காலை கிழித்து அடுப்பில் போட்டுவிடுவார்; பழைய சிஸ்டர்தான், கிழித்ததைத் தூக்கி எறியாதீர்கள், பில் கம்பியில் குத்தி வையுங்கள் என்று பழக்கியிருந்தார். புதுச் சிஸ்டர் வயசுக்கு அடுத்த கேள்விக்கு வருவதற்குள் பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பியை மடியில் வைத்துக்கொண்டார். "இரு கண்ணு, நான் படிக்கறேன், நீ எழுதிக்க. ஐப்பசி ஒண்ணு, தொண்ணூத்தி ஒண்ணு, ரெண்டு எடத்துல நின்னேன். ஐப்பசி ரெண்டு..."